இடக்கை முடிச்சு

“நீ கடல் பார்த்தது உண்டா?” என்று மீன் துரை ஒரு தடவை ரெங்கம்மாளிடம் கேட்டார்.

குற்றாலத்தில் அவருடைய பங்களா வராந்தாவில் வைத்துக் கேட்டது. ஆடிச் சாரல் ஓட்டு விளிம்பிலிருந்து இழை இழையாக இறங்கிக்கொண்டிருந்தது. ரெங்கம்மாள் தன் அண்ணனுக்குப் பின்னால் தூணோடு தூணாக நின்றாள். அவளிடம் நேராக ஒருவர் கேள்வி கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினாள். அதையும் துரை வேறு பக்கம் திரும்பிய நேரத்தில் ஆட்டியதால், மந்திரமூர்த்திதான் அவளுக்காகப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

“அவ தென்காசியைத் தாண்டுனதில்லை துரை. கடலும் தெரியாது, கப்பலும் தெரியாது. ஆனா நூலு தெரியும். எங்க தெருவுல இவ கைக்கு மிஞ்சின கை கிடையாது.”

“கடல் தெரியாவிட்டால் குற்றம் இல்லை” என்றார் துரை. “எனக்கு நூல்தான் வேண்டும்.”

அவருடைய சொந்தப் பெயர் ரெங்கம்மாளின் ஊரான மேலகரத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. ஆரியங்காவுக்கு மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்து விற்றவர். சாரல் காலத்துக்குக் குற்றாலம். தை பிறந்தால் மணப்பாட்டுக் கடற்கரை. அங்கே வள்ளத்தில் போய்ப் பெரிய மீன்களைத் தூண்டிலில் பிடிப்பார். வலை போட மாட்டார், கயிறு போட மாட்டார். மூங்கிலைப் பிளந்து ஒட்டிய ஒரு மெல்லிய கம்பு, பித்தளை ராட்டு, அந்த ராட்டில் சுற்றிய பொடி நூல். அந்த நூல் சீமையிலிருந்து வர வேண்டும். இப்போது சண்டை நடப்பதால் கப்பலில் வருவது நின்றுபோயிற்று. சப்பாத்துத் தைக்கிற லினன் நூல்கண்டுகள் கொஞ்சம் அவரிடம் இருந்தன. அதில் ஆறு புரி சேர்த்து முறுக்கி, இருநூறு கெஜம், ஒரே நீளமாக வேண்டும் என்றார்.

“ஒரே நூல். நடுவில் குறை இருக்கக் கூடாது” என்று இரண்டு தடவை சொன்னார்.

மந்திரமூர்த்தி தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். அது மட்டும் துரையின் கண்ணில் பட்டது.

மந்திரமூர்த்தி நெசவுக்காரன். இரண்டு வருஷமாகத் தறியில் உட்காரவில்லை. அவர்கள் தெருவில் எல்லாம் குழித்தறி. தரையில் இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்ய வேண்டும். சாரல் தொடங்கினால் குழியில் தண்ணீர் ஊறும். சிரட்டையால் கோரி ஊற்றிவிட்டு, ஈரச் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவார்கள். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கு நெஞ்சு கெட்டது. ஒருநாள் துப்பினதில் ரத்தம் வந்தது. தென்காசி டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, “குழிக்குள்ள இறங்குனா இன்னும் ரெண்டு சாரல் பார்ப்ப. இறங்காட்டா நெறையப் பார்ப்ப” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் துரைக்கு ஆள் தேவைப்பட்டது. நூலைக் கையாளத் தெரிந்த ஆள். கடலிலிருந்து திரும்பியதும் நனைந்த மட்டுக்கும் நூலை அவிழ்த்து, நல்ல தண்ணீரில் அலசி, மரச்சக்கரத்தில் சுற்றி நிழலில் உலர்த்தி, மறுபடி ராட்டில் ஏற்ற வேண்டும். மந்திரமூர்த்தி போனான். முதல் வருஷம் பங்குனிக் கடைசியில் திரும்பி வந்தவனைப் பார்த்துவிட்டு அவன் மனைவி குருவம்மாள், “யாரு இது, வழி தெரியாம வந்துட்டியளா?” என்று கேட்டாள். அப்படிக் கறுத்து, சதை பிடித்து, இருமல் இல்லாமல் வந்து நின்றான். உப்புக்காற்று நெஞ்சுக்கு ஒத்துக்கொண்டது என்றார்கள். குழியில் இறங்காததுதான் ஒத்துக்கொண்டது என்று ரெங்கம்மாள் நினைத்தாள். நினைத்ததைச் சொல்லவில்லை.

அவள் எதையும் சொல்ல மாட்டாள். புருஷன் கொழும்புக்குப் போய் ஏழு வருஷம். காகிதம் நின்று ஐந்து வருஷம். அண்ணன் வீட்டில் பாவு போடுவது, நூலுக்குக் கஞ்சி ஏற்றுவது, தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாவுக்குத் தார் சுற்றுவது எல்லாம் அவள் வேலை. அவளுக்கும் சேர்த்துக் குருவம்மாள் பேசுவாள். குருவம்மாளுக்கு வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. தூக்கத்திலும் கோழியை விரட்டுவாள் என்று தெருவில் சொல்வார்கள்.

அண்ணனும் தங்கையும் நூல் வேலையோடு வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம், கம்பங்கஞ்சியும் காணத்துவையலும் வைத்துவிட்டு அவள் ஆரம்பித்தாள்.

“ஏன் கேக்கேன், மீனைப் பிடிக்கணும்னா கனத்த கயித்தைப் போட்டு வெரசா இழுக்க வேண்டியதான? இத்துனூண்டு நூலைப் போட்டு எதுக்கு அதுகூட மல்லுக்கட்டணும்?”

“கயித்துல இழுத்தா அது பிடிக்கது இல்லையாம். தூக்கிட்டு வாறதாம்” என்றான் மந்திரமூர்த்தி. “மீனுக்கும் தப்பிச்சுப் போக ஒரு வழி இருக்கணும்னு சொல்லுதாரு. நூலு பதினெட்டு ராத்தல் தாங்கும். மீனு அம்பது ராத்தல் இருக்கும். பிடிச்சு இழுத்தா போச்சு. விட்டுக் குடுத்து, வாங்கி, விட்டுக் குடுத்து, வாங்கி, அதுக்குக் கை சளைக்கது வரைக்கும் காத்துக் கெடக்கணும்.”

“மீனுக்குக் கை ஏது?”

“ஏட்டி, ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.”

“சரி, அம்புட்டுப் பாடுபட்டுப் பிடிச்சு என்ன செய்வாரு? கொழம்பு வைப்பாரா?”

“நிறுத்துப் பார்ப்பாரு. நோட்டுல எழுதுவாரு. வள்ளக்காரனுக்குக் குடுத்துருவாரு.”

“வெளங்கிரும். பொண்டாட்டி கிடையாதுல்லா அவருக்கு? இருந்தா ஒருநாள் பிழைப்பா இது? ஏட்டி ரெங்கம்மா, எதுக்குக் கதவுக்குப் பின்னால நின்னு சிரிக்க? இங்கன வந்து சிரி. பல்லுல முத்தா உதிருது?”

ரெங்கம்மாள் இன்னும் கொஞ்சம் கதவுக்குள் ஒதுங்கினாள்.

நூல் முறுக்குவது பாவடியில். தெருக் கோடியில் வேப்ப மரங்களுக்கு நடுவே நெசவுக்காரர்கள் பாவு நீட்டுகிற நீண்ட இடம் அது. ஐம்பது கெஜத்துக்கு மேல் நீட்ட முடியாது. அதனால் ஐம்பது கெஜம் முறுக்கிச் சுற்றிவிட்டு, அடுத்த ஐம்பது, அதற்கடுத்த ஐம்பது என்று போக வேண்டும். வெயில் ஏறினால் நூல் முறுகிக்கொள்ளும். மழை பெய்தால் ஊறித் தொய்யும். விடிந்தும் விடியாத நேரத்தில், சாரல் விட்ட இடைவெளி பார்த்து ரெங்கம்மாள் ஆறு புரியையும் இழுத்துக் கட்டுவாள். ஒரு முனையில் முளைக்குச்சி. மறுமுனையில் கதிர்க்குச்சியும், அதில் தொங்கும் கல்லும். கதிரைத் தொடையில் உருட்டிவிட்டால் கல் சுழலும். ஆறு புரியும் ஒன்றையொன்று தேடிப் போய்க் கட்டிக்கொள்ளும். அவள் நடுவில் நடந்துகொண்டே இரண்டு விரலால் தடவிக் கொடுப்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஒரு வெட்கமும் இருக்காது. தெருவே தன்னுடையது போல நடப்பாள்.

மூன்றாவது ஐம்பது கெஜம் நீட்டியிருந்த அன்று குருவம்மாள் தன் மகள் வடிவைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போயிருந்தாள். எதிர் வீட்டு ஆடு ஒன்று நாய்க்குப் பயந்து பாவடிக்குள் பாய்ந்து குறுக்கே ஓடிற்று. ஆறு புரியில் இரண்டு போய்விட்டன.

ரெங்கம்மாள் பதறவில்லை. அதில் பதற என்ன இருக்கிறது? ஒரு நாளைக்குப் பத்து இடத்தில் நடப்பதுதான். இரண்டு முனையையும் எடுத்து, நெசவு முடிச்சுப் போட்டு, மீதியைப் பல்லால் நறுக்கி, விரல் நுனியில் கஞ்சி தொட்டுத் தேய்த்தாள். இரண்டு புரிக்கும் இரண்டு முடிச்சு, ஒரு சாண் தள்ளித் தள்ளி. அதன்மேல் மற்ற நான்கையும் சேர்த்து முறுக்கினதும் கண்ணுக்கும் தெரியவில்லை, கைக்கும் தெரியவில்லை. அவள் இடது கைக்காரி. மற்றவர்கள் வலமாகச் சுற்றுவதை இடமாகச் சுற்றிப் போடுவாள். முடிச்சுப் பிரித்துப் பார்த்தால் இது ரெங்கம்மாள் போட்டது என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். மற்றபடி ஒரு வித்தியாசமும் கிடையாது.

இதை யாரிடமும் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. தறிக்கார வீட்டில் முடிச்சுப் போட்ட நூலும் முழு நூல்தான். அதுவுமல்லாமல், நூல் நீட்டிக் கிடக்கும்போது ‘அறுந்தது’ என்ற வார்த்தையை அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகூட வாயில் எடுக்காது. தாலிக்கயிற்றுக்குச் சொல்லுவதுபோல ‘பெருகிட்டு’ என்பார்கள். பெருகினதை முடிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பிறகு அதைப் பற்றிப் பேசுவது இல்லை.

துரை நூலின் ஒரு முனையைத் தராசுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தார். பதினெட்டைத் தாண்டி இருபதில் நின்றது. மறுமுனையையும் பார்த்தார். அதுவும் அப்படியே. “சீமையில் இந்த நூல் இல்லை” என்றார். மந்திரமூர்த்தி அந்த வாக்கியத்தைக் குற்றாலத்திலிருந்து மேலகரம் வரைக்கும் வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

தை ஆறாம் தேதி அவன் ரயிலேறினான்.

மாசி பாதியில், ஒரு உச்சி வெயிலில், தென்காசி ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்து வீட்டு வாசலில் நின்றான். பங்குனி முடியாமல் வருகிறவன் இல்லை. கையில் டிரங்குப் பெட்டி இருந்தது.

“என்ன, சொல்லாம கொள்ளாம? துரைக்கு மேலுக்கு முடியலையா? ஒங்களுக்கு முடியலையா? கடலு வத்திட்டா?” குருவம்மாள் பெட்டியை வாங்கினாள். “மொதல்ல நீத்தண்ணியைக் குடிங்க. பெறவு சொல்லுங்க. இல்ல, சொல்லிக்கிட்டே குடிங்க.”

அவன் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான். ரெங்கம்மாள் அடுப்படியில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“காலம்பற எட்டு மணி இருக்கும். மணப்பாட்டுக்குத் தெக்க தண்ணிக்குள்ள ஒரு பாறைக்கூட்டம் உண்டு. பாய் விரிச்சு மெள்ளப் போயிட்டிருக்கோம். மடவை மீனைக் கோத்துப் பின்னால விட்டிருக்கு. திடீர்னு ராட்டு கத்துச்சு.”

“ராட்டு கத்துமா?”

“நூலு ஓடுச்சுன்னா கத்தும். அம்பது கெஜம் போச்சு. நூறு கெஜம் போச்சு. துரை பெருவிரலைக் குடுத்து அமர்த்துதாரு, தோலு பொசுங்குது, நிக்க மாட்டேங்கு. பாரை மீனு. வள்ளக்காரரு எந்திரிச்சு நின்னு கும்பிடுதாரு, இப்பிடி ஒண்ணை அவுக அப்பாதான் பார்த்திருக்காகளாம். தண்ணிக்கு மேல ஒரு தடவை பெரண்டுச்சு பாரு, வெள்ளித் தாம்பாளத்தை வெயில்ல திருப்புனாப்புல இருந்துச்சு. நம்ம வடிவு மூணு பேரைச் சேர்த்த கனம்.”

“எம்மாடி!”

“நூத்தம்பது கெஜத்துக்குக் கிட்ட எடுத்துட்டு. அம்புட்டுத் தூரம் எந்த மீனும் எடுத்தது கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல மல்லுக்கட்டு. துரைக்குக் கை நடுங்குது. நான் தண்ணி மொண்டு அவரு தலையில ஊத்துதேன். அது கொஞ்சம் வரும், மறுபடி எடுக்கும். வரும், எடுக்கும். கடைசில ஒரு எடுப்பு எடுத்துச்சு.” அவன் நிறுத்தினான். “போயிட்டு.”

“போனாப் போகுது. வேற மீனு இல்லாமயா போச்சு கடல்ல?”

“துரை நூலைச் சுத்தி எடுத்தாரு. நுனியைப் பார்த்தாரு. நாலு புரி பிசிர் பிசிரா இருக்கு. ரெண்டு புரியில முடிச்சு இருந்திருக்கு. முடிச்சுன்னா அவுக கணக்குல நூலுக்குப் பாதி உசுரு போனாப்புல. நீ முடிஞ்சதான்னு கேட்டாரு. ஆமான்னேன்.”

சுளகில் அரிசி நின்றது.

“நீங்க எதுக்கு முடிஞ்சிய?” என்றாள் குருவம்மாள். “ரெங்கம்மா முறுக்குனதை நீங்க எதுக்கு முடியணும்?”

“காயப் போடும்போது கைத்தப்பா இழுத்துட்டேன்.”

“இழுத்தா அன்னைக்கே சொல்ல வேண்டியதான?”

“சொல்லல.”

“அதுக்கு ஒரு மனுசனைப் பாதியில அனுப்புவாகளா? பொடி நூலைப் போட்டா போகத்தான செய்யும்? மீனுக்குத் தப்பிக்க வழி இருக்கணும்னு அவருதான சொன்னாரு? தப்பிச்சுட்டு. சந்தோசப்பட வேண்டியதான? அவரு கம்பு ஒடிய! அவரு ராட்டுல துரு ஏற!”

மந்திரமூர்த்தி அடுப்படிப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாததிலிருந்து ரெங்கம்மாளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கைத்தப்பாக நூலை இழுக்கிற ஆள் இல்லை அவன்.

பங்குனி முதல் வெள்ளிக்கிழமை அவன் குழியில் இறங்கினான். வெயில் காலம், குழி காய்ந்து கிடந்தது. இப்போதைக்கு ஒன்றும் செய்யாது என்று அவனே சொன்னான். குருவம்மாள் வெளியே போயிருந்த ஒரு நேரத்தில் ரெங்கம்மாள் தார்க்கூடையைக் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

“அண்ணே.”

“ம்.”

“அது என் முடிச்சு.”

“தெரியும்.” அவன் நாடாவை வீசிக்கொண்டே இருந்தான். “கம்புல சின்னச் சின்ன வளையம் இருக்கும், நூல் அதுவழியாத்தான் போகும். தறி அச்சுக்குள்ள முடிச்சு நுழையும்போது ஒரு சத்தம் கேக்கும்லா? அது கேட்டுச்சு. நூலு போகும்போது ரெண்டு தடவை. வரும்போது ரெண்டு தடவை. ஒரு மணி நேரமா அதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

“துரைக்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?”

“என்னன்னு சொல்ல? நூலு அங்கன நீட்டிக் கெடக்கு. நீயா இருந்தா அந்த வார்த்தையைச் சொல்லுவியா?”

அவள் தார்க்கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“நீ கேட்டதைத்தான் அவரும் கேட்டாரு. ‘முன்னமே தெரியுமா’ன்னாரு. தெரியும்னேன். ‘தெரிஞ்சும் சொல்லலையா’ன்னாரு. சொல்லியிருந்தா இறுக்கிப் பிடிச்சிருக்க மாட்டாராம். மீனு போனதுக்கு இல்ல, வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்குத்தான் போகச் சொன்னாரு. அதுல என்ன தப்பு? அவரு இடத்துல இருந்தா நானும் சொல்லியிருப்பேன்.”

“நான் முடிஞ்சதுன்னாவது...”

“ஒருத்தன் தோணியில வச்சு, தங்கச்சி மேல கையைக் காட்டிட்டு நிக்கணுமாக்கும்?” நாடா நின்றது. “வீட்டுல சொல்லிராத. அவளுக்குத் தெரிஞ்சா ஒன்னை இங்கன இருக்க விடமாட்டா. ஒனக்கு வேற போக்கிடம் இல்ல.”

“குழியில நான் உக்காருதேன்ணே.”

“நீ குழியில உக்காந்தா பாவு யாரு போடுவா, ஒன் மைனியா? அவ பேசுத பேச்சுல நூலு தானா முறுக்கிக்கிடும்” என்று சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்தது. அப்போது அது சின்ன இருமல்தான்.

ஆனி பிறந்து பத்தாம் நாள் மேற்கே மலை மறைந்தது. சாரல் விழுந்தது. குற்றாலத்து ரோட்டில் எண்ணெய் தேய்த்த உடம்புகளோடு வண்டி வண்டியாக ஜனம் போயிற்று. அருவியில் நல்ல தண்ணீர் என்று போகிறவர்களெல்லாம் சந்தோஷமாகச் சொன்னார்கள். மந்திரமூர்த்தியின் குழியில் விடியற்காலை நாலு விரல்கடை தண்ணீர் நின்றது. ரெங்கம்மாள் அவனுக்கு முன்னால் எழுந்து கோரி ஊற்றுவாள். அடுப்புச் சாம்பலைக் கொட்டிப் பரப்புவாள். மத்தியானத்துக்குள் மறுபடி ஊறிவிடும். சாக்குக்கு மேல் சாக்காகப் போட்டாள். ஆனி முடிவதற்குள் அவன் இருமினால் தறி ஆடிற்று. ஒரு காலையில், நெய்துகொண்டிருந்த வெள்ளைத் துண்டில் சிவப்பாகத் தெறித்திருந்தது. அவன் அதை மடித்து மறைப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

துரை குற்றாலத்துக்கு வந்துவிட்டார் என்று தெருவில் பேச்சு. ரெங்கம்மாள் அன்று காலையே கிளம்பினாள். வாழ்நாளில் தனியாக எங்கும் போனதில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ரோட்டின் ஓரத்துக்கும் ஓரமாக நடந்தாள். பங்களா வாசலில் சமையல்காரன் அய்யாக்குட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தான்.

“யாரும்மா? என்ன வேணும்?”

அவள் முந்தானையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ஏம்மா, வாயில்லையா? பிச்சைன்னா பின்வாசல். வேலைன்னா வேலை இல்ல. ரெண்டும் இல்லன்னா அருவிக்கு வழி அந்தப் பக்கம்.”

“துரையைப் பார்க்கணும்” என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை. அவன் மறுபடி கேட்க, மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. துரை உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இடுப்பிலிருந்து நூல் துண்டுகளை எடுத்தாள். வராந்தாத் தரையில் உட்கார்ந்து, இடது கையால் ஒரு முடிச்சுப் போட்டு, மீதியைப் பல்லால் நறுக்கித் தரையில் வைத்தாள். வலது கையால் இன்னொன்று தட்டுத்தடுமாறிப் போட்டு அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

துரைக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு உள்ளே போனார். ஒரு புகையிலை டப்பாவோடு வந்தார். அதற்குள் சாணளவு நூல்நுனி ஒன்று சுருண்டு கிடந்தது. பூதக்கண்ணாடியை வைத்து அதைப் பார்த்தார், தரையில் கிடந்த இரண்டையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“நீயா?”

“ஆமா.”

“அவன் ஏன் சொல்லவில்லை?”

“நான் அவுகளுக்குத் தங்கச்சி.”

துரை நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவுக குழியில உக்காந்திருக்காக. தண்ணி ஊறுது. ரத்தம் வருது” என்றாள் ரெங்கம்மாள். “நூலு நீட்டிக் கெடந்தா எங்க தெருவுல சொல்ல மாட்டாக. எங்களுக்கு அது வழக்கம். ஒளிக்கணும்னு இல்ல.” அவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. பேசி முடித்ததும் எழுந்து ஓடி வந்துவிட்டாள்.

மறுநாள் காலை துரையின் வில்வண்டி தெருவுக்குள் வந்தது. குருவம்மாள் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“வாங்க! எங்க வீட்டுல மீனு கிடையாது. ஒரு மனுசன்தான் கெடக்கான், தூண்டில் இல்லாமயே பிடிச்சுட்டுப் போயிரலாம்.”

துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். குருவம்மாளும் பின்னாலேயே வந்தாள். மந்திரமூர்த்தி அன்று தறியில் இல்லை, பாயில் இருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. துரை தரையிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் கையைப் பிடித்தவர் கொதிப்பு தாங்காததுபோல ஒரு கணம் விட்டுவிட்டு மறுபடி பிடித்தார்.

“அந்த முடிச்சு உன்னுடையது இல்லை. உன் தங்கை முடிச்சு. அவள் வந்து எனக்குக் காட்டினாள்” என்றார். “நான் தப்பு செய்தேன். தை மாதம் நீ வா. நூல் உன் தங்கை முறுக்கட்டும். நான் சொல்லிக் கொடுக்கிறேன் எப்படி என்று.”

மந்திரமூர்த்தி தங்கையைத் தேடிப் பார்த்தான். அவள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கண்ணில் கோபம் இல்லை. இப்படிச் செய்துவிட்டாயே என்று மட்டும் இருந்தது.

“தை வரட்டும் துரை” என்றான். “அந்தப் பாரை அங்கனதான் கெடக்கும். ஊரைவிட்டுப் போகாது.”

துரை அந்தப் பேச்சுக்குச் சிரித்தார். வெளியே வந்ததும் வண்டிக்காரன் தோளில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஏறினார். அவர் அனுப்பிய டாக்டர் மூன்று தடவை வந்தார். துரை கொடுத்த கம்பளி வந்தது. ஆரஞ்சுப்பழம் வந்தது.

ரெங்கம்மாள் அன்று முழுதும் குருவம்மாள் ஏசுவதற்காகக் காத்திருந்தாள். இப்போது ஆரம்பிப்பாள், இதோ ஆரம்பிப்பாள் என்று ஒவ்வொரு வேலைக்கு இடையிலும் முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருந்தாள். தெரு கூடுகிற மாதிரி ஏசினால் ஏற்றுக்கொள்ளலாம். மயிரைப் பிடித்து வெளியே தள்ளினால் போய்விடலாம். எங்கே போவது என்று யோசித்து, கொழும்புக்கா என்று அவளுக்கே சிரிப்பு மாதிரி வந்தது. குருவம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி காய்ச்சினாள். புருஷனுக்கு ஊட்டினாள், அவனோடு மட்டும் பேசினாள். அதுவும் தண்ணி வேணுமா, திரும்பிப் படுக்கியளா என்ற அளவுக்கு. ரெங்கம்மாள் தட்டில் சோறு விழுந்தது. முன்பைவிடக் குறையவுமில்லை, கூடவுமில்லை. நாளாக நாளாகத் தெருவில் உள்ளவர்கள்கூட, குருவம்மாளுக்குத் தொண்டையில் ஏதாவது நோவா என்று கேட்டார்கள்.

“மைனி, என்னை ஏதாவது சொல்லுங்க” என்று ஒருநாள் கிணற்றடியில் ரெங்கம்மாளே கேட்டுவிட்டாள். குருவம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தாள். மேடு பள்ளத்தில் குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் சேலை நனைந்தது. நின்று பார்க்கவில்லை.

ஆவணி கடைசியில், சாரல் விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு, மந்திரமூர்த்தி ஒரு முற்பகலில் போய்விட்டான். போகும்போது இருமல் இல்லை. துரை வந்து பாவடியில் ஜனத்தோடு ஜனமாக நின்றார். குருவம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் குரலைத் தெரு மறுபடியும் கேட்டது. அந்த அழுகையில் தறியை ஏசினாள், குழியை ஏசினாள், மழையை ஏசினாள், கடலை ஏசினாள். ரெங்கம்மாள் பேர் அதில் வரவில்லை. வரும் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டே இருந்தவளுக்குக் கடைசிவரை வரவில்லை.

பதினாறு முடிந்த மறுநாள், குருவம்மாளையும் பிள்ளையையும் கூட்டிப்போக, சுரண்டையிலிருந்து அவள் அண்ணன்மார் இரண்டு பேர் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பாத்திரங்களை ஏற்றினார்கள். தொட்டிலைப் பிரித்து ஏற்றினார்கள். தறியை என்ன செய்ய என்று பெரியவர் கேட்டதற்குக் குருவம்மாள் கையை அசைத்தாள். கிடக்கட்டும் என்று அர்த்தம். பானையில் ஒரு படி அரிசியும், உப்பும், புளியும் அடுப்படியில் அப்படியே விட்டிருந்தாள். கதவுச் சாவியை உத்தரத்தில் மாட்டினாள்.

ரெங்கம்மாள் நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். வடிவு அத்தையிடம் வரக் கையை நீட்டிற்று. ரெங்கம்மாளும் நீட்டினாள். குருவம்மாள் தடுக்கவில்லை. பிள்ளை அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று, வேறு எங்கோ பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றாள். பிறகு வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அவள் முகம் ரெங்கம்மாளின் முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது. உதடு லேசாகப் பிரிந்தது.

குருவம்மாள் உதட்டை மூடிக்கொண்டாள். படியிறங்கிப் போய், வண்டியில் பாத்திரங்களுக்கு நடுவே, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அண்ணன்காரர் மாட்டைத் தட்டினார்.